‘தீவார்’ பார்த்த ஒரு குடும்பம்: சிறையிலிருந்து திரும்பிய மூத்த மகன் குறித்த நிகழ்வு ஆய்வு

மும்பையில் சிறையிலிருந்து விடுதலையாகி வருபவர்களின் குடும்பங்களோடு வேலை செய்யும் ஒரு சிறு குழுவின் கோப்பிலிருந்து இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்கள் கிடையாது. யாரென்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக வேலை, இடம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். படத்தைப் பற்றி வருபவை படத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

லால்பாக் பக்கம் ஒரு பழைய சால் குடியிருப்பு. நீளத் தாழ்வாரம், மாடிக்கு ஒரு பொதுக் கழிப்பிடம், வீடு என்பது 180 சதுர அடியில் ஒரே அறை. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரி 18-ல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேரில் அவரும் ஒருவர். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை, இவருக்கும் கிடைக்கவில்லை. குடி வந்தது. மூத்தவனுக்கு 14 வயதாகும்போது அவர் இறந்துபோனார்.

அம்மா வீட்டிலேயே சமைத்து ஆலைத் தொழிலாளிகளுக்குச் சாப்பாடு போட்டு வந்தவர். கொங்கணிலிருந்து குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்களுக்கு இப்படிச் சாப்பாடு போடும் வீடுகள் அந்தப் பகுதி முழுக்க இருந்தன. ஆலைகள் மூடியதும் சாப்பிட வருபவர்களும் குறைந்துவிட்டார்கள். மூத்தவன் ஒன்பதாம் வகுப்போடு நின்று கிடங்கில் மூட்டை தூக்கப் போனான். தம்பியின் பள்ளிக் கட்டணம், அப்புறம் கல்லூரிக் கட்டணம், இரண்டும் அந்தக் கூலியிலிருந்து போயின. தம்பி பி.காம். முடித்து ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தர் ஆனான்.

2009-ல் மூத்தவனும் வேறு இருவரும் காலபாதேவி துணிச் சந்தைப் பக்கம், ஒரு மொத்த வியாபாரக் கடையின் பணத்தை வங்கிக்குக் கொண்டுபோன குமாஸ்தாவை மறித்துப் பையைப் பறித்தார்கள். இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தொகை. தள்ளிவிட்டதில் குமாஸ்தாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. காயப்படுத்திக் கொள்ளையடித்ததற்கான, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 394-ஆம் பிரிவில் 7 ஆண்டுக் கடுங்காவல். விசாரணைக் காலத்தில் ஆர்தர் ரோடு சிறை, தண்டனைக்குப் பிறகு நாசிக் ரோடு சிறை. அங்கே தச்சு வேலை கற்றுக்கொண்டான். தண்டனைக் குறைப்பு போக 2015-ல் வெளியே வந்தான். இத்தனை ஆண்டுகளில் அம்மா ஒரு தடவைகூடப் பார்க்கப் போகவில்லை. தம்பி வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்ததோடு சரி.

முதல் சந்திப்புகளில் கண்டது

மூத்தவன் எங்களிடம் வந்தபோது ஜோகேஸ்வரியில் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். ஓஷிவாரா மரச்சாமான் சந்தையில் ஒரு பட்டறையில் தினக்கூலி. குடிப்பழக்கம் இல்லை. பழைய கூட்டாளிகளின் தொடர்பும் இல்லை. வேலையைப் பொறுத்தவரை நாங்கள் செய்ய வேண்டியது குறைவு. அவன் கேட்டது ஒன்றுதான், அம்மாவைப் பார்க்க வேண்டும்.

அம்மா எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். மகன் பேச்சை எடுத்ததும், “எனக்கு ஒரு பிள்ளைதான்” என்றார். கோபமே இல்லாமல், ரேஷன் கடையில் குடும்ப விவரம் சொல்வதுபோல அதைச் சொன்னார். தாழ்வாரத்தில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, ‘தீவார்’ என்ற இந்திப் படத்தில் தம்பி அண்ணனிடம் சொல்லும் அந்த நான்கு சொல் வசனத்தைச் சொன்னார்: “மேரே பாஸ் மா ஹை” (என்னிடம் அம்மா இருக்கிறாள்). தம்பியும் வழக்கமான புன்னகை ஒன்று காட்டினான். அந்தச் சாலில் ஆறேழு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பேச்சு அது என்று பின்னால் தெரிந்தது. அண்ணன் சிறைக்குப் போனான், தம்பியிடம் அம்மா இருக்கிறாள். குடும்பத்தின் கதையை ஊரே ஒரு படத்துக்குள் வைத்து மூடிவிட்டது. அம்மாவும் தம்பியும் அந்தக் கதைக்குள்ளேயே வாழப் பழகியிருந்தார்கள். மூத்தவனும் அப்படித்தான் நினைத்தான். “படத்தில் எனக்கு என்ன முடிவு என்று எல்லோருக்கும் தெரியுமே” என்று ஒருநாள் சொன்னான்.

ஏன் இந்தப் படம்

படம் தெரியாதவர்களுக்குச் சில வரிகள். யஷ் சோப்ரா இயக்கி, சலீம் – ஜாவேத் எழுதி, 1975 ஜனவரியில் வெளிவந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர், குடும்பத்தைக் கொன்றுவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பணிந்து தொழிலாளிகளுக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவமானம் தாங்காமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறார். ‘என் அப்பன் திருடன்’ என்று மூத்த பையனின் கையில் ஊர்க்காரர்கள் பச்சை குத்திவிடுகிறார்கள். அம்மா இரண்டு பிள்ளைகளோடு பம்பாய்க்கு வந்து, பாலத்தடியில் தங்கி, கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள். மூத்தவன் விஜய் (அமிதாப் பச்சன்) துறைமுகக் கூலியாக இருந்து கடத்தல்காரன் ஆகிறான். இளையவன் ரவி (சசி கபூர்) படித்துக் காவல் அதிகாரி ஆகிறான். அம்மா நிருபா ராய். பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாகத் தொடங்கிய, ராமநாதபுரம் மாவட்டம் பனைக்குளத்துக்காரரான ஹாஜி மஸ்தானின் சாயல் விஜய்யிடம் உண்டு என்று பரவலாகச் சொல்வார்கள். தமிழில் இதுவே 1981-ல் ரஜினிகாந்த், சுமன், சௌகார் ஜானகி நடித்த ‘தீ’.

படம் காட்டித் திருத்துவது என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சிறைகளில் நல்லொழுக்கப் படம் போடுவார்கள், கைதிகள் தூங்குவார்கள். இங்கே விஷயம் வேறு. இந்தக் குடும்பத்துக்குள் ஒரு படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதை மூவரும் கடைசியாக எப்போது முழுதாகப் பார்த்தார்கள் என்று விசாரித்தோம். அம்மா கணபதி பந்தலில் எப்போதோ பார்த்தது. தம்பி தொலைக்காட்சியில் துண்டு துண்டாக. மூத்தவன் சிறு வயதில். ஆக மூவரிடமும் இருந்தது வசனம்தான். சரி, முழுப் படத்தையும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று யோசனை வந்தது.

குழுவில் இருவர் கடுமையாக எதிர்த்தார்கள். சிறையிலிருந்து வந்தவனை அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்காரவைத்து, தம்பி அண்ணனைச் சுடும் படத்தைக் காட்டுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகச் சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ (1957) காட்டலாம், ஆறு கொலைக் கைதிகள் ஒரு ஜெயிலரோடு தரிசு நிலத்தைத் திருத்தும் கதை, கருணை உள்ள படம் என்றார்கள். நல்ல படம்தான், எனக்கு மிகப் பிடித்த படமும்கூட. ஆனால் அது இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த படம் இல்லை. கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுக் காட்டலாமா என்றும் பேசினோம். முடிவு என்ன என்று ஊருக்கே தெரிந்த படத்தில் முடிவை மறைத்தால் அதுவே ஒரு செய்தியாகிவிடும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். வேறு சில குடும்பங்களையும் அழைத்து, மண்டல் (உள்ளூர் விழாக் குழு) கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுவாகப் போடுவது என்று முடிவானது. மகன் வருவான் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொன்னோம். அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தார்.

திரையிடல்

அம்மாவும் தம்பியும் முன்வரிசையில். மூத்தவன் கடைசியில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில். கிடங்கின் கதவை உள்ளே பூட்டிச் சாவியைத் தூக்கிப் போடும் சண்டையில் பையன்கள் விசில் அடித்தார்கள். பாலத்தடிச் சந்திப்பு வந்தபோது கூடம் முழுக்க வசனத்தை ஒரே குரலில் சொன்னது. இந்தக் குடும்பத்தின் மூன்று பேரும் அப்போது வாய் திறக்கவில்லை.

மூத்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறொரு காட்சியில். ரவி ஓடுகிற ஒரு திருடனைக் காலில் சுடுகிறான். விழுந்தவன் சின்னப் பையன், கையில் இருப்பது ரொட்டி. ரவி சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்தப் பையனின் வீட்டுக்குப் போகிறான், சுட்டது நான்தான் என்று சொல்கிறான். பையனின் தாய் வாய்க்கு வந்தபடி ஏசுகிறாள், பெரிய திருடர்களைப் பிடிக்க மாட்டாயா என்கிறாள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான தகப்பன் (ஏ. கே. ஹங்கல்) மனைவியின் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டு, திருட்டில் சின்னது பெரியது இல்லை என்கிறார். வழக்கமாக இதை நேர்மையைப் பற்றிய காட்சியாகப் பேசுவார்கள். மூத்தவன் பார்த்தது வேறு. ஒருவனைக் காயப்படுத்தியவன் காயம்பட்டவன் வீட்டுப் படியேறிப் போகிறான், திட்டு வாங்குகிறான், திட்டு முடியும்வரை நிற்கிறான். படம் முடிந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் குமாஸ்தா எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியுமா?”

அம்மா பேசியது அன்று சாயங்காலம், நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது. படத்தில் அந்தத் தாய் கடத்தல் பணத்து வீட்டை விட்டு வெளியேறி இளையவனோடு போகிறாள், உண்மைதான். கடைசியில் தன் கையாலேயே ரவியிடம் துப்பாக்கியை எடுத்துக் கொடுக்கிறாள், சுடும்போது கை நடுங்கக் கூடாது என்கிறாள். அதற்கு அடுத்து என்ன செய்கிறாள் என்பது வசனம் சொல்லித் திரிபவர்களுக்கு நினைவிருப்பதில்லை. பெண்ணாகச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், இனித் தாயாக மகனுக்காகக் காத்திருக்கப் போகிறேன் என்று கோவிலுக்குப் போய்விடுகிறாள். விஜய் குண்டு பாய்ந்து வந்து அவள் மடியில் சாகிறான். இந்தக் குடும்பத்து அம்மா சொன்னது இதைத்தான். “அவள் கோவிலில் போய் உட்கார்ந்தாளே. அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே” என்றார். மூத்தவனை அன்று அவர் நேராகப் பார்க்கவில்லை.

தம்பி பேச மூன்று வாரம் ஆனது. அவன் சொன்னதைத்தான் நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். படம் ஒரு பாராட்டு விழாவில் தொடங்குகிறது. ரவிக்குப் பதக்கம், அம்மாவை மேடைக்கு அழைக்கிறார்கள், அவள் பழையதை நினைக்கத் தொடங்குகிறாள், அந்த நினைவுதான் முழுப் படமும். “மெடல் வாங்குகிறவன் இவன், மூன்று மணி நேரமும் அம்மா நினைக்கிறது அண்ணனை” என்றான். சாலில் எல்லோரும் தன்னை ‘நல்ல பிள்ளை’ என்று கொண்டாடியபோதெல்லாம், ராத்திரியில் அம்மா மூத்தவனின் பழைய சட்டையை எடுத்து மடித்து வைப்பதைத் தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னான். அண்ணனின் வழக்குக்காக 65,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறான். அதை அடைத்து முடிக்கும்வரை கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறான். இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது.

எடுத்த முடிவுகள்

மூத்தவனை உடனே வீட்டில் சேர்க்கும் முயற்சியை நிறுத்திவைத்தோம். 180 சதுர அடியில் தம்பி, அவன் மனைவி, குழந்தை, அம்மா என நான்கு பேர். அங்கே ஐந்தாவது ஆளை நுழைத்துவிட்டு மனங்கள் ஒட்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. வாரம் ஒருநாள், வீட்டுக்கு வெளியே, முதலில் அம்மாவும் மூத்தவனும் மட்டும் என்று ஏற்பாடு.

தம்பி ஒரு நிபந்தனை வைத்தான். 65,000 ரூபாயை அண்ணன் திருப்பித் தர வேண்டும், மாதாமாதம், கணக்கெழுதி. எங்கள் குழுவில் பலருக்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றியது. அண்ணன் மூட்டை தூக்கித்தானே இவனைப் படிக்கவைத்தான் என்றார்கள். நான் தம்பி பக்கம் நின்றேன். தம்பிக்கு நன்றிக்கடன் இருக்கலாம், ஆனால் அவன் பட்ட நஷ்டத்தையும் யாராவது நஷ்டம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மூத்தவன் ஒரு பேச்சும் பேசாமல் சம்மதித்தான். மாதம் 1,500 ரூபாய் என்று முடிவானது.

குமாஸ்தா விஷயத்தில்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டோம். படத்தில் ரவி நேரே போய்க் கதவைத் தட்டிவிடுகிறான். நிஜத்தில் அப்படிப் போனால், கொள்ளையடித்தவன் வீடு தேடி வந்து நிற்கிறான் என்று அந்தக் குடும்பம் நடுங்கிப்போகும், காவல் நிலையத்துக்கும் போகும். அதனால் மூத்தவன் போகக் கூடாது, எங்கள் வழக்கறிஞரும் இன்னொரு மூத்த உறுப்பினரும் போவது, அவர் வேண்டாம் என்றால் அத்தோடு விடுவது, மன்னிப்பு என்ற சொல்லை நாமாக எடுக்காமலிருப்பது என்று முடிவு செய்தோம்.

அவர் வேண்டாம் என்றார். ஆனால் இவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒன்று சொன்னார். மணிக்கட்டு சரியாகிவிட்டது, அது போகட்டும். தகவல் சொன்னது அவர்தான், உள்கை அவர்தான் என்று முதலாளி சந்தேகப்பட்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார். 22 வருஷம் வேலை பார்த்த கடை அது. உறவுக்காரர்களில் சிலர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார்கள். “எனக்கு இதில் பங்கு இல்லை என்று அவன் எழுதித் தருவானா?”

நீதிமன்றம் தண்டனை கொடுத்து, அதை அனுபவித்தும் முடித்துவிட்ட குற்றத்தில், யாருமே கணக்கில் எடுக்காத ஒரு காயம் இப்படி மிச்சமிருந்தது. மூத்தவனுக்கே அது தெரியாது. கேட்டதும் வெகுநேரம் பேசாமல் இருந்தான். அன்றே எழுதித் தருகிறேன் என்றான். வழக்கறிஞர் தடுத்தார். தகவல் யாரிடமிருந்து வந்தது என்று எழுதினால் புதிய ஆபத்துகள் வரும். அதனால் அந்தப் பெயர் இல்லாமல், குமாஸ்தாவை அதற்கு முன் பார்த்ததே இல்லை, அவருக்கு எந்தப் பங்கும் இல்லை, அவர் பையை விடாமல் பிடித்திருந்ததால்தான் தள்ளிவிட்டோம் என்று மூன்றே வாக்கியங்கள். ஒன்பதாம் வகுப்பில் விட்ட மராத்திக் கையெழுத்தில் மூன்று தடவை எழுதிப் பார்த்துவிட்டு நான்காவதில் கையெழுத்துப் போட்டான். மூன்றாவது வாக்கியம் அவனாகச் சேர்த்தது.

தொடர்ந்து நடந்தது

கடிதத்தை வாங்கிக்கொண்டது குமாஸ்தாவின் மகன், வாசலிலேயே. உள்ளே கூப்பிடவில்லை. பழைய முதலாளியிடம் அதன் நகல் போனது. அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் குமாஸ்தா உறவுக்காரர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போய்ப் பலருக்கும் காட்டியிருக்கிறார். சில மாதங்கள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் அலுவலகத்தில் வைத்து அவனைப் பார்க்கச் சம்மதித்தார். பத்து நிமிடம் இருந்திருக்கும். அவர் கேட்டது, “கீழே விழுந்தபோது திரும்பிப் பார்த்தாயா?” பார்த்தேன் என்றான். தன் பங்காக மாதம் ஏதாவது தருவதாக மூத்தவன் சொன்னதை அவர் மறுத்துவிட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன்பின் அவர்கள் சந்திக்கவில்லை.

அம்மா மூத்தவனை முதலில் சந்தித்தது எங்கள் அலுவலகத்தில். பேச்சு ஓடவில்லை. அடுத்த வாரம் அம்மா வரவில்லை, தம்பி கையில் ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். அரிசி மாவு பாக்ரி (தட்டை ரொட்டி), கூனிப்பொடி வறுவல். தம்பி அதை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பப் போனான். மூத்தவன் மாதப் பணத்தை எடுத்து நீட்டினான். தம்பி உட்கார்ந்து நோட்டில் எழுதினான், மீதி எவ்வளவு என்று கூட்டிச் சொன்னான். அண்ணன் தம்பி பேச்சு அந்த மீதிக் கணக்கில்தான் தொடங்கியது. அதற்கப்புறம் டப்பாவும் நோட்டும் தவறாமல் சேர்ந்தே வந்தன.

2017 கணபதி பண்டிகைக்கு மூத்தவன் வீட்டுக்குப் போனான். தாழ்வாரத்தில் ஒருவர் ஆட்சேபம் சொன்னார், பெண்கள் குழந்தைகள் இருக்கும் இடம் என்றார். “என் வீட்டுக்கு என் அண்ணன் வருகிறான்” என்று தம்பி பதில் சொன்னதாக அவன் மனைவிதான் எங்களிடம் சொன்னார். ராத்திரி தங்கவில்லை. ஆரத்தி முடிந்து ஜோகேஸ்வரிக்கே திரும்பிவிட்டான். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறான். பட்டறையில் நிரந்தர வேலை, இரண்டு பையன்களுக்கு வேலை சொல்லித் தருகிறான். கடன் அடைந்துவிட்டது. அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இப்போது பிள்ளைகள் எத்தனை என்று எப்படிச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

இனி மாற்றிச் செய்வது

பொதுத் திரையிடல் வேண்டாம் என்று தோன்றுகிறது. விசிலுக்கும் கூட்டு வசனத்துக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த அம்மாவால் அந்தக் கோவில் காட்சியைக் கவனிக்க முடிந்தது அவருடைய திறமை. எல்லோருக்கும் அது கைகூடாது. இனிமேல் ஒரு குடும்பத்தோடு மட்டும், இடையில் நிறுத்திப் பேசும்படி காட்டுகிறோம். எந்தப் படம் என்பதையும் நாங்கள் தேர்வு செய்வதில்லை, அந்த வீட்டில் எந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறதோ அதையே எடுக்கிறோம்.

பாதிக்கப்பட்டவர் பக்கம் போவதை விடுதலையானவர் கேட்கும்வரை தள்ளிப்போடுவதும் சரிப்படவில்லை. குமாஸ்தா ஆறு வருடம் திருட்டுப் பட்டத்தோடு இருந்தார். அவன் சிறையில் இருந்தபோதே யாராவது அவரிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அந்த மூன்று வாக்கியங்கள் அப்போதே அவர் கைக்குப் போயிருக்கும். வழக்கறிஞரின் துணையோடு தண்டனைக் காலத்திலேயே அதைத் தொடங்க இப்போது இரண்டு குடும்பங்களில் முயன்று வருகிறோம்.

தம்பியிடம் நாங்கள் தனியாகப் பேசியது படத்துக்குப் பிறகு. முதல் சந்திப்பிலேயே அது நடந்திருக்க வேண்டும். எங்கள் கோப்பில் முதல் நாள் நிரப்பும் தாளில் உடன்பிறந்தவர்களுக்கென்று இப்போது ஒரு தனிப் பக்கம் சேர்த்திருக்கிறோம். வழக்குச் செலவுக்கு யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், இன்னும் எவ்வளவு மீதி என்ற கேள்வி அதில் முதலாவதாக வருகிறது.